ஆறு மாதத்தில் ஃபுல் மாரத்தான் ஓட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையில் வங்கி வேலை. நான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் 42 கி.மீ. ஓட ஆசை. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறார் கூட ஓடும் நண்பர். என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. நான் ஓடலாமா?

பதில்: ஓடலாம். ஆனால் இந்த ஜனவரியில் 21 கி.மீ. ஓடுங்கள். ஃபுல் மாரத்தானை அடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம், உங்கள் எலும்பு. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். முன்பு போல இரைப்பதில்லையே என்று நாமும் தூரத்தைக் கூட்டிவிடுவோம். எலும்பு அப்படியில்லை. அடிபட்ட இடத்தைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். அதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். கரைந்து முடிந்து, கட்டி முடியாத நேரத்தில் பாரம் கூடினால் வலி ஆரம்பிக்கும்.

வலியை நீங்களே சோதித்துப் பாருங்கள். அந்த எலும்பின் உள்விளிம்பில் மேலிருந்து கீழாகக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வின் எரிச்சல்தான். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி சைக்கிள், நீச்சல் என்று மாற்றிக்கொண்டால் தணியும். விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் இது தெரியாமலும் போகலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

உங்கள் நண்பர் சொன்ன மாத்திரை வேண்டவே வேண்டாம். வலி மறைந்தால் விரிசல் முறிவாகும் வரை ஓடிக்கொண்டே இருப்பீர்கள். உடலில் தண்ணீர் குறைந்திருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். டைக்லோஃபினாக் போன்றவை மாரடைப்பு அபாயத்தையும் கூட்டுபவை. அப்பாவின் கதை தெரிந்த உங்களுக்கு இது தேவையா?

அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தது என்பதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தூரத்தைக் கூட்டுவதற்கு முன்பே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. பார்த்துவிட்டு, இதய மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை பற்றிக் கேளுங்கள். எல்லாம் சரி என்று வந்தாலும், ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ இழுப்பு, கண் இருட்டல் வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

வலி போன பிறகு வாரம் நான்கு நாள் போதும். மூன்று நாள் குறைந்த தூரம், ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஞாயிறு தூரத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துவிடுங்கள். ஜனவரிக்குள் 16, 18 கி.மீ. வந்தால் 21 ஓடிவிடலாம். அடுத்த வருடம் இதே ஞாயிறு 30 கி.மீ. வரை போகும். கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை வாரம் இருமுறை செய்யுங்கள்; கெண்டைக்கால் பலமானால் முன் எலும்புக்குச் சுமை குறையும்.

அப்புறம் தண்ணீர். வெயிலுக்குப் பயந்து லிட்டர் கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள். ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிக் குடியுங்கள், சிட்டிகை உப்போடு.