பேய் இருப்பதாகச் சொல்லப்படும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்துக்குப் போன அனுபவம் உண்டா? பயமாக இருந்ததா?

போயிருக்கிறேன். போன இடத்தில் நானே பேயாகிவிட்டேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் போனது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜாவில் இருக்கும் கெல்லி கோட்டை. கோட்டை என்பது பேருக்குத்தான். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. ஆறு மாடிக் கோபுரம் எழுப்பி, அந்தக் காலத்திலேயே லிஃப்டுக்கும் இடம் விட்டிருக்கிறார். 1926இல் லிஸ்பன் போன இடத்தில் நிமோனியாவில் இறந்துவிட்டார். வேலை அப்படியே நின்றுபோனது. ராத்திரியில் துரை மாடியில் உலாத்துகிறார் என்பது ஊர்ப்பேச்சு.

சில வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. பத்துமலை, கெந்திங் எல்லாம் காட்டியாகிவிட்டது. 'பேய் பங்களா பார்க்காமல் ஊருக்குப் போகமாட்டேன்' என்று ஒரே பிடிவாதம். கிள்ளானிலிருந்து நான்தான் காரோட்டினேன். பெட்ரோல், டோல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் என் கணக்கு. இதையெல்லாம் இங்கே சொல்லக்கூடாதுதான். ஆனால் திரும்பி வரும்போது ஒரு தேத்தண்ணிக்காவது அவர் பையில் கைவிட்டிருக்கலாம்.

சரி, பேய்க்கு வருகிறேன். அன்று வெள்ளை ஜிப்பா போட்டிருந்தேன். மாடி ஏறியதில் வேர்த்துக் கொட்ட, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் காற்றுக்கு நின்றேன். கீழே புல்வெளியிலிருந்து மச்சான் படம் எடுத்திருக்கிறார். அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப்பில் 'துரையின் ஆவி' என்று வந்துவிட்டது. நான்தான் அது என்று எத்தனை தடவை சொல்லியும் யாரும் நம்பவில்லை. என் மனைவியே, "உங்களுக்கு அவ்வளவு உயரம் ஏது?" என்று கேட்டாள்.

பேயே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை, நம்புகிறவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அங்கே பயப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா உள்ளேயே வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) நின்று, பால் மரம் வெட்டியவர். "துரை வீட்ல எனக்கென்ன வேல" என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டு, பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் கூட்டிப்போகச் சொன்னார். மாளிகை வேலைக்குக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் விஷக்காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, மிச்சமிருந்தவர்கள் கேட்டு துரை கட்டிக்கொடுத்த கோயில். (நல்ல மனுஷன்தான், அவரைக் குறைசொல்லவில்லை.) நன்றிக்காக, சாமி சிலைகளுக்கு நடுவில் அவருக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். கோட்டையில் அத்தனை கூட்டம், இங்கே நாங்கள் மட்டும்தான்.

"இங்க செத்துப்போன நம்ம சனம் யாரும் பேயா வரலியாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"விடியுறதுக்கு முன்ன பெரட்டுக்குப் போயி நிக்கணும். அதுங்க எங்கடா ராத்திரியில உலாத்துறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் வெயில் தாழ்ந்ததும் போங்கள், கோயிலையும் எட்டிப் பாருங்கள். கலர் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.