இரண்டு நிகழ்வுகளில் எது முதலில் நடந்தாலும் போதும் என்று ஒரே இடத்தில் காத்திருப்பது எப்படி?

கோ நிரல் மொழியில் செலக்ட் (காத்திருக்கும் பல சேனல்களில் தயாரானதை எடுக்கும் கூற்று) எழுதி, முதல் பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் சர்வர் ஒவ்வொரு கோரிக்கையையும் இரண்டு தரவுத்தளப் பிரதிகளுக்கு அனுப்பும். ஆளுக்கொரு கோரூட்டீன் (இணையாக ஓடும் சிறு வேலை), ஆளுக்கொரு சேனல் (பதிலைக் கைமாற்றும் வழி), காலக்கெடுவுக்கு ஒரு டைமர். முந்திய பதிலைச் செலக்ட் எடுத்துக்கொள்ளும். சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நினைவகம் நிரம்பி சர்வர் விழுந்தது. பிந்திய பதிலைச் சுமந்து வந்த கோரூட்டீன்கள், வாங்க ஆளில்லாமல் சேனல் வாசலிலேயே நின்றுவிட்டன. கோரிக்கைக்கு ஒன்று வீதம்!

சேனலுக்கு ஓரிடம் இடையகம் கொடுத்து, வாங்க ஆளில்லாவிட்டாலும் பதிலை வைத்துவிட்டுப் போகச் செய்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். கோரூட்டீன் விடுபடும், உண்மைதான். ஆனால் யாருக்கும் வேண்டாத தேடலைத் தரவுத்தளம் கடைசிவரை செய்துகொண்டிருக்குமே! தோற்ற பக்கத்துக்கு 'நீ வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். நான் கோவில் ரத்துச் செய்தியைக் கடத்தும் கான்டெக்ஸ்ட் வழியாக ரத்து அனுப்பினேன்.

இதே சிக்கலுக்கு வேறொரு வழியும் உண்டு. கணினியியலாளர் ஜான் ரெப்பி 1991இல் கன்கரன்ட் எம்எல் என்ற நிரல் மொழி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அந்த மொழியில் நிகழ்வு என்பது ஒரு மதிப்பு. ஒரு சார்பு அதைத் திருப்பித் தரலாம். சூஸ் பல நிகழ்வுகளை ஒன்றாக்கும், ராப் நிகழ்வு நடந்த பின் செய்ய வேண்டியதை அதோடு ஒட்டும், சிங்க் சொல்லும்போதுதான் காத்திருப்பு தொடங்கும். வித்நேக் கொண்டு கட்டிய நிகழ்வு தேர்வாகாமல் போனால், அதைத் தெரிவிக்கத் தனி நிகழ்வே கிளம்பும். நான் கையால் கட்டியது அங்கே மொழியிலேயே இருக்கிறது. கோ மொழியைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பத்தாண்டுகளாக அதில்தான் எழுதுகிறேன். ஆனால் செலக்ட் ஒரு கூற்று, மதிப்பு அல்ல. அதை இன்னொரு சார்பிடம் கையில் கொடுக்க முடியாது.

இன்னொன்று: பதிலும் காலக்கெடுவும் ஒரே நேரத்தில் தயாராக இருந்தால் செலக்ட் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்கும். மேலே எழுதிய கிளைக்கு முன்னுரிமை கிடையாது.

சர்வர் விழுந்த வாரம், தினமும் இரவில் மறுதொடக்கம் செய்தால் போதும் என்று டிக்கெட்டை மூடினார்கள். மூடியவருக்குப் பாராட்டு, எட்டு நாள் தேடிக் காரணம் கண்ட எனக்கு ஆண்டு மதிப்பீட்டில் 'தாமதம்' என்று குறிப்பு. அது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் இன்றே கோரூட்டீன் எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். கோரிக்கைகள் ஓய்ந்த பிறகும் அது இறங்காவிட்டால், தோற்றவர்கள் எங்கோ நின்றுகொண்டிருக்கிறார்கள்.