மச்சானிடம் வாங்கிய கடனை சாப்டர் 7 திவால் மனுவில் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. கார்டு கடன்களை மட்டும் காட்டி, மச்சான் கைமாற்றாகத் தந்த 4,000 டாலரை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்டர் 7 என்பது கடன்களைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் அமெரிக்கத் திவால் மனு; அதில் சொந்தக்காரர் கடனுக்கு விலக்கு கிடையாது. பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்துதான் அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அடமானமில்லாத கடன் என்பதால் இது படிவம் 106இ/எஃப்-ல் வரும்.

அவர் பணம் போய்விடுமே என்ற சங்கடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கவலைப்படாதீர்கள், கடன் தள்ளுபடியான பிறகு நீங்களாக விரும்பித் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. மனுவுக்கு முன்பு அவசரப்பட்டுக் கொடுப்பதுதான் வம்பு. முந்தைய ஓராண்டுக்குள் உறவினருக்குக் கொடுத்ததை டிரஸ்டி (திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) அந்த உறவினரிடமே திரும்பக் கேட்கலாம்.

எந்தக் கடனும் விட்டுப்போகாமலிருக்க, ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் விவர நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். அதோடு நிற்காதீர்கள். ஆஸ்பத்திரி பில், பழைய வாடகை பாக்கி அதில் வராமலே இருக்கலாம். தபாலில் வந்த வசூல் கடிதங்களையும் புரட்டுங்கள். கடன் ஒரு வசூல் ஏஜென்சிக்குக் கைமாறியிருந்தால், முதலில் கொடுத்தவர், ஏஜென்சி இரண்டு முகவரியும் எழுதுங்கள்.

ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தால், வழக்கு மூடப்படும்வரை பட்டியலைத் திருத்தலாம். அதன்பின் விட்டுப்போன கடன் தள்ளுபடியாகுமா என்பது கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். அதற்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.