நினைவுக்குக் கணினி மாதிரி எதற்கு?

வணக்கம். நினைவாற்றல் பற்றிய கட்டுரையில் ‘மூளைச் சுற்றுகளின் கணினி மாதிரிகள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். மனித மூளையில் 8,600 கோடி நியூரான்கள். அதில் சில ஆயிரத்தைச் சமன்பாடாக எழுதி ஓடவிட்டால் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடுமா? நிஜ மூளையைத் திறந்து பார்ப்பதுதானே முறை?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் திறந்தால் தெரிவது நியூரான்களும் இணைப்புகளும் மட்டுமே. எந்த இணைப்பு எதற்காக என்று அதில் எழுதி ஒட்டியிருக்காது.

மூளையில் நினைவுக்கு அடிப்படையான பகுதி ஹிப்போகேம்பஸ். அதற்குள் சிஏ3 என்றொரு பகுதி உண்டு. எலியின் சிஏ3 நியூரான் ஒன்றுக்குச் சுமார் 16,000 இணைப்புகள் வருகின்றன. அதில் ஏறக்குறைய 12,000 மற்ற சிஏ3 நியூரான்களிடமிருந்தே வருபவை. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே ஏன் இவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும்?

மூளை ஆய்வாளர் டேவிட் மார் 1971-ல் இதற்குக் கணக்குப் போட்டு ஒரு விடை சொன்னார். ஒரு நினைவின் சிறு துண்டு கிடைத்தால் போதும், மீதியை இந்த உள் இணைப்புகள் இட்டு நிரப்பிவிடும். மருக்கொழுந்து வாசனை பட்டதும் பாட்டி வீடே எழுந்து வருகிறதே, அதுதான். 1982-ல் ஜான் ஹாப்ஃபீல்ட் இதே கருத்தைத் தெளிவான ஒரு மாதிரியாக்கினார். 2024-ல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் அவர். அவருடைய மாதிரியில் 100 நியூரான் இருந்தால் ஏறத்தாழ 14 நினைவுகள் நிற்கும். அதற்கு மேல் திணித்தால் பழையதும் சேர்ந்து குலைந்துபோகும். நம் மூளை அப்படிக் குலைவதில்லை. ஏன் என்ற கேள்வியே இந்த மாதிரியால்தான் கூர்மையானது.

சரி, மார் சொன்னது மெய்தானா? 2002-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுசுமு தொனெகாவாவின் குழு, கற்கும்போது சிஏ3-இன் உள் இணைப்புகள் வலுப்பெற முடியாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கியது. கலங்கிய நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை, சுற்றிலும் வைத்த நான்கு அடையாளங்களை வைத்து எலி கண்டுபிடிக்க வேண்டும். நான்கும் இருந்தபோது இவையும் மற்ற எலிகளைப் போலவே நன்றாகக் கற்றன, நினைவிலும் வைத்திருந்தன. மூன்றை எடுத்துவிட்டதும் சாதாரண எலிகள் சமாளித்தன, இவை திணறின. துண்டு இருந்தும் முழுமை வரவில்லை! இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. மூன்றை எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்குப் பின்னால் இருப்பது முப்பது வருடம் முந்தைய அந்தக் கணக்கு.

உங்கள் சந்தேகம் பொருந்தும் இடமும் உண்டு. பத்தாண்டுகளில் மனித மூளையையே கணினியில் கட்டலாம் என்றார் மூளை ஆய்வாளர் ஹென்றி மார்க்ராம், 2009-ல். 2015-ல் அவர் குழு வெளியிட்டது எலி மூளையின் ஒரு துணுக்கு, சுமார் 31,000 நியூரான்கள். அபார உழைப்புதான். ஆனால் எந்த எலியிடம் எதைச் சோதிக்கலாம் என்று மார் காட்டியதுபோல, நினைவு விஷயத்தில் அது எனக்கு எதையும் காட்டவில்லை.

அன்புடன்.