மூட்டில் சேதமடைந்த குருத்தெலும்பை ஒட்டு வைத்தும் வளர்ச்சிக் காரணிகளைக் கொண்டும் மீண்டும் வளர்க்க முடியுமா?

சிலருக்கு முடியும், ஆனால் வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களைத் தூண்டும் புரதங்களை, ஊசியில் செலுத்துவதால் மட்டும் முடியாது. குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வளர்த்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் இந்தத் திசு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தோலில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து, அந்த உறைவைப் பற்றிக்கொண்டு புதிய செல்கள் வந்து சேரும். இங்கே அந்த முதல் படியே நடப்பதில்லை. இருக்கும் சொற்பச் செல்களும், தாமே சுரந்த கெட்டியான பொருளுக்குள் அடைபட்டுக் கிடப்பதால், காயத்தை நோக்கி நகர இயலாதவை. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று உடற்கூறியல் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743இல் எழுதியது பெரும்பாலும் இன்றும் உண்மை.

அடியிலுள்ள எலும்பில் நுண்துளைகள் இட்டு, மஜ்ஜையிலிருந்து இரத்தத்தையும் செல்களையும் வரவழைப்பது எளிய வழி. ஆனால் அதில் உருவாவது பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு. வழுவழுப்பும் அழுத்தம் தாங்கும் திறனும் அதற்குக் குறைவு. சிறிய குழியாக இருந்தால், மூட்டில் எடை அதிகம் விழாத இடத்திலிருந்து எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பை உருளை வடிவில் எடுத்துப் பதிக்கலாம். குழி பெரிதானால் எடுக்க இடமிருக்காது. அப்போது கொடையாளரின் திசு தேவைப்படும், அல்லது நோயாளியின் சொந்தச் செல்களை வெளியே வளர்த்துத் திரும்ப வைக்க வேண்டும்.

சொந்தச் செல்களை வளர்த்து வைக்கும் இந்த வழியின் முதல் முடிவுகளை ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற 23 பேரில், தொடை எலும்பின் முனையில் செல்கள் வைக்கப்பட்ட 16 பேரில் 14 பேருக்கு ஈராண்டுக்குப் பின் நல்ல பலன் இருந்தது. முழங்கால் சில்லில் வைக்கப்பட்ட 7 பேரில் இருவருக்கே அப்படி அமைந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் குழி எந்த இடத்தில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அது அன்றே காட்டியது.

வளர்ச்சிக் காரணிகளின் தேவையை எனக்குப் புரியவைத்தது வளர்ப்புத் தட்டுதான். உருண்டையாக இருந்த செல்கள், தட்டில் ஒட்டிப் பெருகும்போது நாளடைவில் நீண்டு, தம் தொழிலையே மறந்துவிடுகின்றன. குருத்தெலும்புக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் குறைத்து, தழும்புத் திசுவுக்குரிய முதல் வகையைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றை, செல்கள் பற்றிக்கொள்ளும் முப்பரிமாணத் தாங்கியில் அடர்த்தியாக அடைத்து, டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால், பழைய இயல்பு ஓரளவு திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை முதன்முதலில் சாயமேற்றிய மெல்லிய திசுச் சீவலில் நுண்ணோக்கி வழியே கண்ட நாளை இன்னும் மறக்கவில்லை.

தட்டில் செய்ததை மூட்டுக்குள் அப்படியே செய்ய முடியாது. அதே டிஜிஎஃப்-பீட்டா மூட்டுக்குள் கூடிப்போனால், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சவ்வைத் தடிக்கச் செய்து ஓரங்களில் எலும்பு முளைகளையும் உண்டாக்கக்கூடும். ஊசியில் செலுத்தியது காயத்தருகே நெடுநேரம் நிற்பதும் இல்லை. எனவேதான் காரணியை ஒட்டுக்குள்ளேயே பிணைத்து, மெல்ல மெல்லக் கசியவிடும் தாங்கிகளில் என் நம்பிக்கை அதிகம். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

தேய்மான நோயில் ஊசியை மட்டும் நம்புவோர் ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். எஃப்ஜிஎஃப்-18 வகை வளர்ச்சிக் காரணியை 549 பேரிடம் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், கூடிய அளவு மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லா வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் ஈராண்டில் குருத்தெலும்புத் தடிமனில் தெரிந்த வேறுபாடு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பில் நரம்பே இல்லாததால் வலி அடியெலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் வருகிறது என்பதை நினைத்தால், இது வியப்பளிப்பதில்லை.

ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்களுடையது அடிபட்டு ஏற்பட்ட தனிக் குழியா, மூட்டு முழுவதும் பரவிய தேய்மானமா என்பதுதான். ஒட்டு முறைகள் பெரும்பாலும் முதல் வகைக்கானவை. காலின் வளைவு, கிழிந்த தசைநார், முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் சவ்வுத்தட்டின் சேதம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் வைத்த ஒட்டு, முன்பு சேதம் விளைவித்த அதே அழுத்தத்தைத் தாங்க நேரிடும். செல் ஒட்டுக்குப் பின் சில வாரங்கள் முழு எடையை ஊன்றக் கூடாது. புதிய திசு முதிர்ந்து இறுக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், வலி குறைந்தவுடன் ஓடத் தொடங்கிவிடாதீர்கள்.