வாசகர் கேள்வி–பதில்: பிள்ளை ஒருவன், பொறுப்பாளர் யார்?

கேள்வி: திருட்டு, அடிதடி என்று தடம் மாறும் பதின்வயதுப் பிள்ளைகளுக்காகப் பள்ளி, மனநல ஆலோசகர், காவல்துறை, நன்னடத்தை அலுவலர், விளையாட்டு மன்றம் எல்லோரும் மாதந்தோறும் கூடிப் பேசுகிறோம். பலன் தெரியவில்லையே, ஏன்?

பதில்: பேசியதை யார் செய்வது என்று முடிவாகாமலே கூட்டம் கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். பதவியில் பெரியவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கூப்பிட்டால் பையன் போனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

திட்டம் ஒரே தாளில் இருக்கட்டும். ‘குடும்பத்துக்கு ஆலோசனை வழங்கப்படும்’ என்று எழுதினால் அது நடக்காது. ‘வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் மறுபடி சேர்ப்பது: தலைமையாசிரியர்’ என்று ஆளையும் நாளையும் போட்டு எழுதுங்கள். வாரத்தின் எல்லாச் சந்திப்புகளும் அதே தாளில் வர வேண்டும். நன்னடத்தை அலுவலரிடம் கையெழுத்துப் போடும் நேரமும் பள்ளித் தேர்வும் மோதினால், பையன் தேர்வுக்குப் போவான். கையெழுத்துப் போடாதது நீதிமன்ற நிபந்தனையை மீறியதாகப் பதிவாகி வழக்கு திரும்பவும் நீதிமன்றத்துக்குப் போய் நிற்கும்.

அடுத்தது ரகசியம். பள்ளி வருகை, சந்திப்பு நாள் போன்றவற்றை எல்லோரும் பகிரலாம். ஆலோசகரிடம் பையன் மனம்விட்டுச் சொன்னதை, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, வெளியே விடக்கூடாது. இதைத் தொடக்கத்திலேயே எழுதி, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆலோசகரிடம் சொன்னது காவலர் வாயிலிருந்து ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் அவன் யாரிடமும் வாய் திறக்க மாட்டான்.

கேள்வி: இவர்களை மட்டும் ஒன்றாகக் கூட்டி முகாம் நடத்தலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வில், பையன்களில் ஒரு பாதிக்குப் பல ஆண்டுகள் ஆலோசனை, படிப்பு உதவி, கோடை முகாம் என எல்லாம் கிடைத்தன. 1978இல் குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் வெளியிட்ட முடிவுகளில், உதவி பெற்றவர்கள் சில விஷயங்களில் பெறாதவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. ஒருவன் தன் திருட்டுக் கதையைச் சொல்லும்போது சுற்றியிருப்பவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசு. சாதாரணப் பிள்ளைகள் ஆடும் அணியில் ஒருவர், இருவராகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் யோசனையும் வேண்டாம். சோதித்துப் பார்த்ததில், அப்படிப் போனவர்களே பிறகு கூடுதலாகக் குற்றம் செய்தார்கள்.

கேள்வி: ஒரு பொறுப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள்?

பதில்: குடும்பம், பள்ளி, நண்பர்கள் என எல்லா முனையிலும் வேலை செய்யும் எம்.எஸ்.டி. (மல்டிசிஸ்டமிக் தெரபி) சிகிச்சைமுறையில் ஒரு சிகிச்சையாளருக்கு 4 முதல் 6 குடும்பங்கள். சிகிச்சை நடப்பது 3 முதல் 5 மாதங்கள். அந்த அளவு தீவிரம் உங்களால் முடியாவிட்டால், மிகவும் சிக்கலில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையாகச் சின்னத் தப்பு செய்தவனை இந்த வளையத்துக்குள்ளேயே இழுக்காதீர்கள். எச்சரித்து, நஷ்டத்தை ஈடுகட்ட வைத்து அனுப்பினால் போதும்.