கட்டற்ற (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற) இயங்குதளமான லினக்ஸே, ஒரு நிறுவனத்துக்கே சொந்தமான கருவியை நம்பியிருந்தது தவறில்லையா?

கருவியை நம்பியதைத் தவறென்று சொல்லமாட்டேன். அதற்காக ஒப்புக்கொண்ட நிபந்தனைதான் தவறு.

2002க்கு முன்பு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் நிரலின் பதிப்புகளைப் பராமரிக்க எந்தக் கருவியையும் வைத்துக்கொள்ளவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும், ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். பல கண்ணில் படாமலே போகும், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். பதிப்புகளைப் பராமரிக்கும் கட்டற்ற கருவியான சிவிஎஸ் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் அந்த ஆண்டு பிப்ரவரியில் லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் தந்த பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறினார். வேலை உண்மையிலேயே வேகமெடுத்தது.

பிட்மூவர் காசு கேட்கவில்லை. ஆனால் போட்டிக் கருவி உருவாக்குகிறவர் இலவசப் பதிப்பைத் தொடக்கூடாது என்று பின்னர் உரிமத்தில் சேர்த்தார்கள். சாப்பாடு இலவசம், உன் வீட்டில் அடுப்பு மட்டும் மூட்டாதே என்பதுபோல!

கோப்புகளைப் பகிரும் கட்டற்ற மென்பொருளான சம்பாவை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அந்த உரிமத்தை ஏற்கவே இல்லை. பிட்கீப்பர் சர்வருடன், இன்னொரு கணினியோடு எழுத்தில் பேசவைக்கும் டெல்நெட்டில் இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டினார். கட்டளைப் பட்டியலை சர்வரே எடுத்து நீட்டியது. 2005 ஏப்ரலில் கான்பெரா மாநாட்டு மேடையில் இதைச் செய்துகாட்டியபோது, என்ன தட்டலாம் என்று கேட்டார். கூட்டமே ‘ஹெல்ப்’ என்று குரல் கொடுத்தது. டிரிட்ஜெலின் வேலையைக் காரணம் காட்டி, இலவசப் பதிப்பை நிறுத்துவதாக பிட்மூவர் அதற்குள் அறிவித்திருந்தது. லினஸுக்குக் கோபம் வந்தது டிரிட்ஜெல் மீதுதான். எனக்கு அது இன்னும் விளங்கவில்லை.

ஏப்ரல் 3 அன்று லினஸ், பிட்கீப்பருக்குப் பதிலாக, கிட் என்ற தன் சொந்தக் கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி கிட் தன் மூலநிரலைத் தானே பராமரித்தது.

இந்தக் கதையின் தழும்பை நீங்களே பார்க்கலாம். லினக்ஸ் களஞ்சியத்தில், அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடத்தில், பழைய கோப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ கட்டளையைக் கொடுங்கள். பழைய வரிகள் எல்லாம் 2005 ஏப்ரல் 16 என்ற ஒரே கமிட்டில் (மாற்றப் பதிவில்) போய் முட்டி நிற்கும். முழு வரலாற்றையும் கொண்டுவந்தால் 3.2 ஜிபி ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று லினஸ் அதில் எழுதியிருக்கிறார். பிறகு வேறொரு களஞ்சியத்தில் அதைச் சேர்த்துவைத்தார்கள். பிட்கீப்பரும் 2016இல் திறமூலமானது. அதற்குள் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்று கிட் கட்டற்றது, ஆனால் பெரும்பாலோர் தங்கள் கிட் களஞ்சியங்களை வைத்துக் குடியிருக்கும் கிட்ஹப் தளம் அப்படியல்ல. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கத் தடைகளைக் காட்டி ஈரானில் இருந்தவர்களின் தனிக் களஞ்சியங்களை முடக்கினார்கள். நிரலின் முழு நகல் அவரவர் கணினியில் இருக்கும். ஆனால் வழுப் புகார்களும் விவாதங்களும் கிட்டுக்குள் இல்லை, தளத்தில்தான் இருக்கின்றன.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய தமிழ் எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை வைத்திருந்த தளம் மூடப்பட்டது. நிரல் பத்திரம். ஆனால் ஓர் எழுத்துருவில் மட்டும் ஒற்றைக்கொம்பை ஏன் வேறுவிதமாகக் கையாளுகிறேன் என்பதற்கான விளக்கம், ஒரு பயனருடன் அங்கே நடந்த உரையாடலில் இருந்தது. அந்த நான்கு வரிகளைத் தொட இன்றும் எனக்குத் துணிவில்லை.

இப்போதும் அதே மாதிரியான தளம் ஒன்றில்தான் இருக்கிறேன். மாதம் ஒருமுறை புகார்களையெல்லாம் இறக்கி, களஞ்சியத்திலேயே உரைக்கோப்பாகப் போட்டுவைக்கிறேன்.